காரை எங்கே விட்டுச் செல்வது?

ஐந்து நாள் வெளியூர்ப் பயணம். விமான நிலையம் வரை சொந்தக் காரில் சென்றுவிடலாம். அதன் பிறகு அந்தக் கார் ஐந்து நாள்களும் எங்கே நிற்கும்? வாடகைக் கார் எளிதாகக் கிடைக்கும் சென்னைவாசிக்கு இது பெரிய கேள்வி அல்ல. அமெரிக்காவிலோ இந்தக் கேள்வியை நம்பியே ஒரு தனித் தொழில் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. விமான நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி நிலம் பிடித்து, பயணிகளின் கார்களை அங்கே நிறுத்தச் செய்து, முனையம் வரை சிற்றுந்தில் கொண்டுபோய் விடுவதும் திரும்ப அழைத்து வருவதும்தான் அந்தத் தொழில்.

விமான நிலையத்தின் உள்ளேயே நிறுத்தினால் என்ன? நிறுத்தலாம்; கட்டணம்தான் தடை. அமெரிக்க விமான நிலையங்களுக்கு விமானப் போக்குவரத்து சாராத வகையில் கிடைக்கும் வருவாயில் பெரும்பங்கு வாகன நிறுத்தத்திலிருந்தும் தரைவழிப் போக்குவரத்திலிருந்தும் வருகிறது. முனையத்தை ஒட்டிய இடத்துக்கு அவர்கள் வைத்ததே விலை. நாளொன்றுக்கு 20 டாலர் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரத்தில் 140 டாலர் மிச்சமாகும். ஆனால், அந்த மிச்சத்துக்கு ஈடாக நாம் எதைக் கொடுக்கிறோம் என்பது விளம்பரப் பலகையில் இருப்பதில்லை.

முதலில் கொடுப்பது நேரத்தை. லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே முனையங்கள் லாட வடிவச் சாலை ஒன்றைச் சுற்றி அமைந்துள்ளன. நுழையும் இடத்தில் முதலாவது முனையம், வளைவில் பன்னாட்டு முனையம், வெளியேறும் இடத்தில் ஏழாவதும் எட்டாவதும். செஞ்சுரி பூல்வார்டு பகுதியில் உள்ள தனியார் நிறுத்தங்களிலிருந்து கிளம்பும் சிற்றுந்துகள் இந்த ஒருவழிச் சாலையை முழுவதுமாகச் சுற்றியே தீர வேண்டும். ஏழாவது முனையத்துக்குச் செல்ல வேண்டியவர், முந்தைய முனையங்களில் பிறர் பெட்டிகளை இறக்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். திரும்பும்போது கதை தலைகீழ். முதலாவது முனையத்தில் ஏறியவர் ஊர்வலம் முழுவதையும் பார்க்கிறார். ஏழாவதில் நிற்பவருக்குச் சிற்றுந்து வரும்போதே இடம் இருப்பதில்லை. விடுமுறைக் காலத்தில் அந்த லாடமே நெரிசலில் உறைந்துவிடும். போட்டியை நிலையம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2021-இல் தானே சற்றுத் தள்ளி 4,000-க்கும் மேற்பட்ட கார்களுக்கான குறைந்த கட்டண நிறுத்தம் ஒன்றைத் திறந்தது.

போகும்போது தாமதமானால் விமானம் தவறும் என்ற அச்சத்தில் எல்லோரும் முன்கூட்டியே கிளம்பிவிடுகிறார்கள். யாரும் கணக்கில் கொள்ளாதது திரும்பும் இரவு. நள்ளிரவு தாண்டி, உறங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி, அடுத்த சிற்றுந்து எப்போது வரும் என்று தெரியாமல் நடைபாதையில் நிற்கும் அரை மணி நேரத்தின் விலை என்ன? ஆகவே, ஒரு நிறுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணம் பற்றியது அல்ல. இரவு ஒரு மணிக்குச் சிற்றுந்து எத்தனை நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடுகிறது என்பதுதான். கட்டணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரம் வாகன நிறுத்தத்துக்கு 10 சதவீத வரி விதிக்கிறது. அது விளம்பரத் தொகையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, நாள்காட்டித் தேதியா என்பதும் இடத்துக்கு இடம் மாறும்.

இரண்டாவதாகக் கொடுப்பது சாவியை. எல்லா இடங்களிலும் அல்ல. நாமே நிறுத்திப் பூட்டிச் செல்லும் இடங்களும் உண்டு. சாவியை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கார்களை நெருக்கமாக அடுக்கலாம் என்பதால் கட்டணம் குறைகிறது. கூடவே, கார் உண்மையில் எங்கே நிற்கிறது என்பது நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. பிரிட்டனில் கேட்விக் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள சேற்று வயல்களில் பயணிகளின் கார்கள் நிறுத்தப்பட்டிருந்த செய்திகள் படங்களுடன் வெளிவந்திருக்கின்றன. பாதுகாப்பான வளாகம் என்று நம்பிப் பணம் கட்டியவர்களின் கார்கள் அவை.

இது நமக்குத் தொலைதூர விவகாரமாக இருக்கப்போவதில்லை. பெங்களூருவும் ஹைதராபாத்தும் 2008-இலேயே தங்கள் விமான நிலையங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டன. சென்னையிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவில் பரந்தூரில் ஒன்று திட்டமிடப்பட்டுள்ளது. தூரம் கூடும்போது சொந்தக் காரில் செல்வோரும் கூடுவார்கள். கார்கள் கூடும் இடத்தில் காலி மனைக்காரர் கயிறு கட்டிக் காசு கேட்பதை நாம் கோயில் திருவிழாக்களிலேயே பார்த்திருக்கிறோம்.

அப்படியொரு இடத்தில் கார் காணாமல் போனால்? 'உரிமையாளரின் பொறுப்பில் நிறுத்தவும்' என்ற பலகையைக் காட்டி நிறுவனம் கைகழுவிவிட முடியுமா? 1998-இல் டெல்லி நட்சத்திர விடுதி ஒன்றில் ஊழியரிடம் சாவியோடு ஒப்படைக்கப்பட்ட மாருதி ஜென் கார் திருட்டுப்போன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. காரைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்ட விடுதி, அதைத் திருப்பித் தரக் கடமைப்பட்டது. தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்பதை விடுதியே நிறுவ வேண்டும். பலகையிலோ சீட்டிலோ உள்ள வாசகம் அதன் சொந்தக் கவனக்குறைவை மறைக்கும் கேடயம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அது விடுதி வழக்கு என்றாலும், அதன் அடிப்படையான ஒப்படைப்பு என்ற கோட்பாடு சாவி வாங்கும் வாகன நிறுத்தத்துக்கும் பொருந்தக்கூடியதே. சாவியை நாமே வைத்துக்கொண்டு, இடத்துக்கு மட்டும் வாடகை கொடுக்கும்போது அதே வலுவோடு வாதிட முடியாது. ஆக, சாவி கைமாறும் கணம் வெறும் வசதி சார்ந்தது அல்ல, சட்டப் பொறுப்பும் அங்கேதான் மாறுகிறது.

அந்தக் கணத்தில் பயணி செய்யக்கூடியவை சில உண்டு. காரின் நான்கு பக்கங்களையும் ஓடிய கிலோமீட்டர் கணக்கையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளலாம். சாவி பெற்றதற்கான சீட்டில், கார் எந்த முகவரியில் நிற்கும் என்று எழுதித் தரச் சொல்லலாம். முகவரி எழுதித் தர மறுத்தால், காரை அங்கே விடாமல் வேறிடம் தேடலாம். வீட்டிலிருந்து அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது இதற்கும் சேர்த்துத்தான்.