சென்டரா... மிடிலா?

ஏனுங்க ப்ரெண்ட்ஸ், காந்திபுரத்துல பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு நடந்து பாருங்க. ஜெராக்ஸ் சென்டர், கோச்சிங் சென்டர், சர்வீஸ் சென்டர்னு போர்டெல்லாம் ஒரே சென்டர் மயம்! ஆனா கேம்பஸ் இன்டர்வியூவுல, 'ஐ ஆம் இன் த சென்டர் ஆஃப் மை ப்ராஜெக்ட்'னு சொல்லிட்டா எதிர்ல இருக்கிறவர் புருவம் உயரும். ஏன்?

சென்டர் என்பது புள்ளி. வட்டத்தின் விளிம்பில் எங்கிருந்து அளந்தாலும் சம தூரத்தில் நிற்கும் இடம். மிடில் அப்படியல்ல, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட பகுதி. அதனால நேரம், வேலை, வரிசைக்கெல்லாம் மிடில்தான் பொருந்தும். பரீட்சைக்கு நடுவுல பேனா தீர்ந்துபோச்சா? அது 'இன் த மிடில் ஆஃப் த எக்ஸாம்'. எழுதப் போற இடம் மட்டும்தான் 'எக்ஸாம் சென்டர்'.

ஸ்பெல்லிங்கிலும் ஒரு குழப்பம் உண்டு. கடைசியில் 'ஆர்இ' வந்தால் பிரிட்டிஷ், 'இஆர்' வந்தால் அமெரிக்கன். அமெரிக்க வழக்கைப் பரப்பியதில் நோவா வெப்ஸ்டரின் 1828-ம் ஆண்டு அகராதிக்குப் பெரும் பங்கு உண்டு. எதை வேணும்னாலும் எழுதுங்க. ஒரே பேப்பர்ல ரெண்டையும் கலக்காதீங்க. பெயர்களை மட்டும் மாத்தக் கூடாது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு 'ஆர்இ', அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்துக்கு 'இஆர்'.

செய்தித்தாளில் 'த சென்டர்'னு வந்தால் டெல்லி அரசாங்கம். ஆனா அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு இந்தியாவை 'யூனியன்' என்றுதான் சொல்கிறது. 2021 முதல் தமிழக அரசு 'ஒன்றிய அரசு' என்று எழுதுவதும் அதனால்தான்.

இப்ப மேட்டருக்கு வருவோம். சென்டரோட பூர்வீகம் 'கென்ட்ரான்' என்ற கிரேக்கச் சொல். அர்த்தம் என்ன தெரியுங்களா? மாடு ஓட்டுற தார்க்குச்சி! அந்தக் கூர்முனையின் பெயர் காம்பஸின் ஊன்றும் முனைக்கு வந்து, பிறகு அது குத்தும் புள்ளிக்கே பெயராச்சு. அதே சொல் கிரேக்க ஜோதிடத்தோடு சமஸ்கிருதத்துக்குப் போய் 'கேந்திரம்' ஆனது. ஜாதகத்துல 1, 4, 7, 10-ம் இடங்களைக் கேந்திரம்னு சொல்றாங்களே, அதேதான்.

தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்து, இங்கிலீஷ்னா கடைசி பெஞ்சுக்கு ஒதுங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. காங்கேயம் காளைகளைப் பூட்டி வண்டி ஓட்டின உங்க அப்பாரு கையில இருந்த சமாச்சாரம்தாங்க இது. அந்நியம்னு நினைச்சு மிரள வேண்டாம். அடுத்த தடவை ப்ராஜெக்ட் எந்த நிலையில இருக்குன்னு கேட்டா, தைரியமா எழுந்து 'மிடில்'னு சொல்லுங்க!