திடலைப் பார்த்துக்கொள்வது மன்றம், விற்பது யார்?

பினாங்கில் ஒரு விளையாட்டுத் திடலோ பொதுமண்டபமோ சந்தையோ கைமாறப் போகிறது என்று பேச்சு எழுந்தால், மக்கள் முதலில் மாநகர் மன்றத்தைத்தான் தேடிப் போகிறார்கள். புல் வெட்டுவது மன்றம், விளக்குப் போடுவது மன்றம், ஓரத்துக் கடைக்காரரிடம் வாடகை வாங்குவதும் மன்றம். அதனால் நிலமும் மன்றத்தினுடையது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை.

மலேசியாவில் நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளது. கூட்டரசு அரசியல் சட்டமே அப்படிப் பிரித்திருக்கிறது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் 62-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. மாநில அரசு தன் நிலத்தை ஒரு பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கி அரசிதழில் அறிவிக்கலாம். திடல், பள்ளி, சுடுகாடு, சந்தை எல்லாம் இந்த வகையில் வரும். அறிவிக்கும்போதே அதை யார் பொறுப்பில் விடுவது என்பதையும் எழுதிவிடுவார்கள். மன்றத்தின் கைக்கு வருவது அந்தப் பொறுப்பு மட்டும்தான். நிலத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரம் முதலமைச்சர் தலைமையிலான மாநில ஆட்சிக்குழுவிடம் இருக்கிறது.

ஒதுக்கிய நிலத்தை மாநிலம் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அது 64-ஆம் பிரிவு. ஆனால் ஓசையில்லாமல் எடுக்க முடியாது. எண்ணத்தை முன்கூட்டியே அரசிதழில் வெளியிட வேண்டும், விசாரணை வைக்க வேண்டும், ஆட்சேபம் சொல்ல வருபவர்களைக் கேட்க வேண்டும். பொதுநிலத்துக்குச் சட்டம் தந்திருக்கும் பெரிய காவல் இதுதான். வருத்தம் என்னவென்றால், அரசிதழ் நம் வீட்டு வாசலுக்கு வரும் நாளிதழ் அல்ல. பார்க்காதவர்களுக்கு விசாரணை நடந்ததே தெரியாமல் போகும்.

ஒதுக்கப்படாத வெறும் அரசு நிலத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் காவல்கூட இல்லை. அதன் விலை என்ன என்பதைக் கம்போங் புவா பாலா காட்டியது.

குளுகோர் பகுதியில், புக்கிட் கம்பிர் அருகே இருந்த தமிழ்க் கிராமம் அது. அந்த வட்டாரம் ஒரு காலத்தில் டேவிட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் தோட்டம். அங்கே வேலை செய்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் பல தலைமுறையாக அதே மண்ணில் வாழ்ந்தார்கள். பலகை வீடுகள், வாசலில் தென்னையும் மாவும், கொல்லையில் மாட்டுத் தொழுவம். நாலாபுறமும் அடுக்குமாடிகள் எழுந்த பிறகும் அங்கே பசுக்கள் மேய்ந்தன, பொங்கலும் மாட்டுப் பொங்கலும் ஊர் கூடி நடந்தன. மாடுகளைப் பார்த்துத்தான், பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரால் அதை ‘ஹை சப்பாரல்’ என்றும் அழைத்தார்கள்.

அந்த நிலத்தை அரசு மூத்த அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு வழங்க, 2004-இல் அன்றைய மாநில ஆட்சிக்குழு ஒப்புதல் தந்தது. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் ஆட்சி மாறியது. அதே மாத இறுதியில் நிலம் சங்கத்தின் பெயருக்குப் போனது. சங்கத்தோடு சேர்ந்த மேம்பாட்டு நிறுவனம் அடுக்குமாடி கட்ட வந்தது. யார் ஆட்சியில் முடிவு, யார் ஆட்சியில் கையெழுத்து என்று அரசியல்வாதிகள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையால் ஒரு வீடுகூட நிற்கவில்லை.

கிராமத்தார் நீதிமன்றம் போனார்கள். பிரவுன் குடும்பத்தார் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று விட்டுச்சென்ற நிலம் இது, அறக்கட்டளைச் சொத்து, அரசு அதை மற்றவருக்குக் கொடுக்க முடியாது என்பது அவர்கள் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2009 ஜூனில் கூட்டரசு நீதிமன்றமும் கைவிட்டது. மாநில அரசு பேச்சு நடத்தி, குடும்பத்துக்கு ஓர் இரட்டைமாடி வரிசை வீடு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சிலர் ஏற்றார்கள், சிலர் மறுத்தார்கள். செப்டம்பரில் இயந்திரங்கள் உள்ளே வந்தன.

இத்தனை தலைமுறை வாழ்ந்தும் அவர்கள் வாதம் ஏன் நிற்கவில்லை? நிலச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு காரணம். எத்தனை காலம் குடியிருந்தாலும், உரிமம் வாங்கி இருந்தாலும், அனுபவத்தால் மட்டும் அரசு நிலத்தில் யாருக்கும் உரிமை பிறக்காது என்று அது சொல்கிறது. ‘டிஓஎல்’ என்று நம்மவர்கள் சொல்லும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரோடு முடிந்துவிடும். புதுப்பித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அந்தச் சீட்டைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த நிம்மதிக்குச் சட்டத்தில் இடமில்லை.

அடுத்தது 340-ஆம் பிரிவு. நிலப் பதிவேட்டில் பெயர் ஏறியவரின் உரிமையை, மோசடி, போலி ஆவணம், செல்லாத ஆவணம் போன்ற சில காரணங்களுக்கு அப்பால் அசைக்க முடியாது. பதிவுக்கு முன் ஆட்சேபம் எழுப்புவது ஒரு காரியம், பதிவுக்குப் பின் எழுப்புவது முற்றிலும் வேறு காரியம். புவா பாலா மக்களின் கதை ஊர் முழுக்கத் தெரியவந்தபோது பதிவு முடிந்திருந்தது. அவர்கள் தோற்றதற்கு நான் முதல் காரணமாகக் கருதுவது இதைத்தான்.

எழுத்தில் இருந்த நிலம் என்ன ஆனது என்பதையும் பினாங்கிலேயே பார்க்கலாம். 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு 18 ஏக்கர் நிலம் வழங்கியது. பிற்காலத்தில் அதன் நிர்வாகம் சீர்கெட்டதாகப் புகார் எழுந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகமதிய, இந்து அறநிலையங்களுக்கென்று வாரியமே அமைத்தார்கள். இன்றைய பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சொத்துகளைப் பற்றியும் குறைகள் உண்டு. ஆனால் இது சமூகத்தின் நிலம் என்று காட்ட அவர்களிடம் ஆவணம் இருந்தது.

பொதுநிலத்தை விற்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. 2011-இல் பாயான் முத்தியாராவில் 102.56 ஏக்கரை மாநிலத்தின் மேம்பாட்டுக் கழகம் பொது டெண்டர் வைத்துக் கொடுத்தது. சதுர அடி 240 ரிங்கிட், மொத்தம் 107 கோடி ரிங்கிட். அந்த இடத்தில் மக்கள் பூங்கா வேண்டும் என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கேள்வி நியாயமானது. ஆனாலும் விலை, வாங்குபவர், முறை மூன்றும் வெளியே தெரிந்ததால் ஊர் விவாதிக்க முடிந்தது. நேரடியாக ஒரு தரப்புக்கு வழங்கும்போது அந்த விவாதத்துக்கே இடமில்லை. விற்பதா வேண்டாமா என்பதைவிட, முடிவுக்கு முன் ஊருக்குத் தெரிந்ததா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

கேட்க வேண்டிய ஆள் யார் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. ஜார்ஜ் டவுன் 1957 ஜனவரி 1-ஆம் தேதி மாநகரானபோது அதன் முதல் மேயர் டி.எஸ். ராமநாதன், தமிழர். அப்போதைய மன்ற உறுப்பினர்கள் ஓட்டு வாங்கி வந்தவர்கள். 1965-இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது, 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. இன்று மேயரையும் உறுப்பினர்களையும் மாநில அரசு நியமிக்கிறது. திடலைக் காக்கச் சொல்லி நீங்கள் மனுக் கொடுக்கும் உறுப்பினர், அதைக் கொடுக்க முடிவெடுக்கும் அரசால் நியமிக்கப்பட்டவர். தமிழ்நாட்டில் புறம்போக்கும் குளமும் பறிபோகாமல் இல்லை. ஆனால் கிராம சபையில் எழுந்து கேட்கலாம், பொது நிலத்து ஆக்கிரமிப்பை அகற்றி ஊரிடம் ஒப்படைக்கச் சொன்ன, 2011-ஆம் ஆண்டின் இந்திய உச்ச நீதிமன்ற ஜக்பால் சிங் வழக்குத் தீர்ப்பை எடுத்துக் காட்டலாம். இங்கேயோ, உள்ளாட்சித் தேர்தலை மீட்கப் பினாங்கு அரசு தொடுத்த வழக்கு 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது.

இருந்தும் மன்றத்தைச் சும்மா விடக்கூடாது. நிலத்தை வழங்குவது மாநிலம் என்றாலும், அதில் கட்டடம் எழுப்பத் திட்ட அனுமதி தருவது மன்றம்தான். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டப்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு எழுத்தில் அறிவித்து, ஆட்சேபிக்க 21 நாள் தர வேண்டும். உள்ளூர்த் திட்டம் வரையும்போது அதன் வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்த வரைபடத்தில் உங்கள் திடல் பச்சையாக இருக்கிறதா, வீடமைப்புக்கு நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும்.

நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி எந்த நிலத்தின் பதிவையும் பார்க்கலாம். உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. பினாங்கின் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிகாரபூர்வ ரகசியம் என்று முத்திரை குத்திய கோப்பு கிடைக்காது, மற்றவற்றை எழுதிக் கேட்கலாம்.

உங்கள் ஊர்த் திடல், கோயில் ஒட்டிய மனை, பழைய மண்டபம் ஆகியவற்றின் மனை எண்ணைக் குறித்துக்கொண்டு இந்த மாதமே ஒருவர் நில அலுவலகம் போய் வரட்டும். 62-ஆம் பிரிவில் ஒதுக்கப்பட்டிருந்தால் அரசிதழ் எண்ணை வாங்கி உங்கள் ஊர்ச் சங்கத்தின் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஒதுக்கப்படவில்லை என்றால், ஒதுக்கித் தரும்படி சட்டமன்ற உறுப்பினரிடம் இப்போதே மனுக் கொடுங்கள்.