ஓய்வு மாதங்களில் ஓலைப் பின்னல்

உத்தமபாளையம் தாலுகாவைச் சேர்ந்த பொட்டிப்புரம், போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் அமைந்த கிராமமாகும். அம்மலையினுள் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015ஆம் ஆண்டு மத்திய மந்திரிசபை அனுமதி அளித்தபோது, அவ்வூரின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. இங்கு கூறப்புகுவது அணுத்துகளைப் பற்றியன்று. அவ்வூரிலும் அதனையொத்த மலையடிவாரக் கிராமங்களிலும் உள்ள மானாவாரிக் குடியானவர்கள் வருஷத்தில் சில மாதங்கள் போதிய வேலையின்றி இருக்க நேர்வதையும், அக்காலத்தை வீட்டிலிருந்தபடியே பயன்படுத்திக்கொள்ளத் தக்க ஒரு கைத்தொழிலையும் பற்றியதேயாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்று நீர் பாயும் 14,707 ஏக்கர் நஞ்சையில் இருபோகம் நெல் விளைகிறது. அங்கே ஓய்வு குறைவு. அந்நீர் எட்டாத மேட்டுப் புஞ்சைகளின் நிலைமை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்ததைத் தை மாசியில் அறுத்துக் களம் சேர்த்துவிட்டால், அதன்பின் ஆடி வரையில் நிலத்தில் சொல்லத்தக்க வேலை இராது. கூலி வேலை கிடைத்த நாள் போக மீதி நாள் வீட்டிலே கழிகிறது. பள்ளிக்கூட விடுமுறையும் சித்திரை வைகாசியிலேயே வருகிறது. வரவு இல்லாத இம்மாதங்களிலேதான் காதணி விழாவும் கல்யாணமும் மொய்யுமாகச் செலவு வந்து நிற்கிறது; சிறு தொகைக்காக நகையைக் கொண்டுபோய் அடகு வைப்பதும் அப்போதுதான். ஆகையால் இக்காலத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் ஐந்நூறு ரூபாய், மற்றக் காலத்தில் கிடைக்கும் ஆயிரம் ரூபாய்க்குச் சமானமென்றால் மிகையாகாது.

வீட்டிலிருந்து செய்யத்தக்க கைத்தொழில்கள் பலவுண்டு. அவற்றுள் பனையோலைப் பின்னலை ஈண்டு எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதற்கு யந்திரம் வேண்டாம். முதல் அதிகம் வேண்டாம். பாதியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து தொடரலாம் என்பதே. சுளகும் கடகமும் விசிறியும் அறியாத வீடு நம் நாட்டில் இருந்ததில்லை. பிளாஸ்டிக் கூடை வந்தபின் அவை பரணுக்குப் போயின. 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை ஏற்பட்ட பிறகு, ஓலைப் பெட்டியைத் தேடி வாங்குவோர் மறுபடியும் தோன்றியிருக்கின்றனர்.

இனி, வேலையின் முறை. பின்னலுக்கு ஏற்றது விரியாத குருத்தோலையாகும். முற்றிய பச்சை ஓலை கூரைக்கும் வேலிக்கும் உதவுமேயன்றி மெல்லிய பின்னலுக்கு ஆகாது, மடிக்குமிடத்தில் முறியும். குருத்தை வெட்டி வந்து இதழ்களைப் பிரித்து, நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கி, வெயிலில் இரண்டு மூன்று நாட்கள் உலர்த்த வேண்டும். உலர உலரப் பச்சை மாறி வெண்மஞ்சள் நிறம் ஏறும். ஆனி, ஆடி மாதங்களில் இப்பள்ளத்தாக்கில் வீசும் காற்றை அறியாதவர் இல்லை. ஓலையின் மேல் கனம் வைக்காமல் காயப்போட்டவர் அதை அடுத்த ஊரில்தான் தேட வேண்டும். மாசி முதல் வைகாசி வரையில் உலர்த்தி, கட்டுக் கட்டாக எடுத்து வைத்துக்கொள்ளுதலே உத்தமம்.

உலர்ந்த ஓலையை ஒரே அகலமுள்ள நறுக்குகளாகக் கிழித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பெட்டிகள் கோணலாவது இங்கேதான். கண்மட்டத்தில் கிழித்தால் ஒரு நறுக்கு அகன்றும் மற்றொன்று குறுகியும் போகும். அடியில் கடுகளவாயுள்ள வித்தியாசம் விளிம்புக்கு வரும்போது விரலளவாகிவிடும். சிறு மரத்துண்டில் ஊசிகளை ஒரே இடைவெளியில் பதித்துக்கொண்டு, ஓலையை அதன் மேல் இழுத்தால் நறுக்குகள் சமமாக வரும். காய்ந்த நறுக்கு ஒடியுமாகையால், பின்னுவதற்கு முன் நீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தல் வேண்டும். விடியற்காலையில் பின்னினால் ஓலை வளைந்துகொடுக்கும். நடுப்பகலில் பிடிவாதம் செய்யும்.

சாயமிடுவதானால் கொதிக்கும் நீரில் சாயத்தைக் கரைத்து, ஓலையை அமிழ்த்தி, நிறம் பிடித்தபின் எடுத்து நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்துக. மஞ்சளைக் கொண்டு நிறமேற்றினால் முதலில் அழகாயிருப்பினும் வெயில் பட்டால் வெளுத்துப்போகும். வாங்கியவர் அடுத்த முறை வரமாட்டார். தின்பண்டம் வைக்கும் பெட்டிக்குச் சாயமே வேண்டாம். ஓலையின் சொந்த நிறமே அதற்குப் போதும்.

பின்னல் பெரிய வித்தையன்று. நறுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றுவிட்டு ஒன்று கோத்து அடியைச் சதுரமாக்கி, நான்கு மூலைகளையும் மடித்து மேலேற்றிப் பக்கங்களைப் பின்னுவதே கொட்டான். விளிம்பில் மிஞ்சும் நுனிகளைத் திரும்ப உள்ளே செருகி முடிக்க வேண்டும். பழகியவர் கை பார்த்துச் சில நாட்களில் பிடித்துக்கொள்ளலாம். சிறுவர் சிறுமியர் கிலுகிலுப்பை, காற்றாடி, கிளி முதலியவற்றில் தொடங்குவது வழக்கம். அது விளையாட்டாகவே இருக்கட்டும். விடுமுறையில் விளையாடவேண்டிய பிள்ளைகளை எண்ணிக்கை சொல்லி வேலைக்கு உட்கார்த்துவது முறையாகாது.

இத்தொழில் மறைந்து பின் மீண்டதற்கு நமக்கருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. செட்டிநாட்டில் நகரத்தார் வீட்டுப் பெண்கள் விசேஷங்களுக்கென ஓலைக் கொட்டான்களைத் தாமே பின்னி, கம்பளி நூலாலும் மணிகளாலும் அலங்கரிப்பர். அவ்வழக்கம் அருகி, பின்னத் தெரிந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினராயினர். அந்நிலையில் விசாலாட்சி ராமசாமி என்னும் அம்மையார் பழைய கொட்டான்களைச் சேகரித்து, தெரிந்தவரைக் கொண்டு கிராமப் பெண்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். செட்டிநாட்டுக் கொட்டானுக்கு 2012-13ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், முன்னர் வீட்டு விசேஷத்துக்காக மட்டும் செய்யப்பட்ட பொருள், பின்னர் பிறர் பின்னிக் கூலி பெறும் பொருளாயிற்று என்பதாகும். அந்தப் பெயரை வேறு ஜில்லாக்காரர் தம் பெட்டிக்கு வைத்து விற்றல் கூடாது. தேனி ஜில்லாவில் பின்னும் பெட்டி அதன் சொந்தப் பெயரிலேயே விற்கட்டும்.

இனிக் கணக்கு. கைத்தொழிலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதை விட்டுவிடுகின்றனர். ஒரு பெட்டிக்கு ஓலையும் மற்றதும் 20 ரூபாய் என்றும், பின்ன ஆறு மணி நேரம் என்றும், வியாபாரி கொடுப்பது 80 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 60 ரூபாய். மணிக்குப் பத்து ரூபாய். இதைத் தொழில் என்பதற்கில்லை. கை பழகி அதே பெட்டியை மூன்று மணியில் முடித்தால் மணிக்கு இருபது. விளிம்பு சுத்தமாகவும் அளவு ஒன்றுபோலவும் இருந்து, இடையிலே ஆளில்லாமல் 140 ரூபாய்க்கு விற்றால் மணிக்கு நாற்பது. பெட்டி அதுவே, வித்தியாசமெல்லாம் கைப்பழக்கத்திலும் விற்கும் வழியிலும் இருக்கிறது. முதலாவதை அவரவர் பழகிக்கொள்ளலாம். இரண்டாவதைத் தனியொருவர் வீட்டுத் திண்ணையிலிருந்து சாதிக்க முடியாது.

சங்கத்துக்கு வேலை இங்கேதான். 1904ஆம் ஆண்டுச் சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களை மட்டுமே அனுமதித்தது. விற்பனை முதலிய மற்றக் காரியங்களுக்கும் சங்கம் அமைக்க இடமளித்தது 1912ஆம் ஆண்டுச் சட்டமாகும். கடன் மட்டும் போதாது என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். 1934ஆம் ஆண்டு காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா, தம் கடைசிக் காலத்தைக் கழித்தது மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டியில். கிராமத்துப் பொருளைக் கிராமத்தார் கையாலேயே உருவாக்க வேண்டுமென்று அவர் வாதாடியது இப்பகுதியாருக்குப் புதிதன்று.

பத்துப் பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து ஓலையை மொத்தமாக வாங்கலாம். பனை குறைந்த ஊரில் இது இன்னும் அவசியம். மூன்றே அளவுகளைத் தீர்மானித்து, அளவு தவறிய பெட்டியை விலைக்கு எடுப்பதில்லை என்று உறுதியாயிருக்க வேண்டும். முதலில் மனத்தாங்கல் வரும், ஆயினும் தாட்சணியத்துக்காக எடுத்த ஒரு கோணல் பெட்டி மற்ற ஒன்பதின் விலையையும் இறக்கிவிடும். மகளிர் சுயஉதவிக் குழுவாக அமைந்தால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலேயே கடன் கேட்கலாம். தனித் தொழிற் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்ய விரும்புவோர் தொழில் வணிகத் துறையை அணுக வேண்டும்.

விற்பனைக்குத் தூரதேசம் போகவேண்டியதில்லை. கார்த்திகை முதல் தை வரையில் சபரிமலை யாத்திரிகர் திரள் திரளாகக் கம்பம், குமுளி வழியாகச் செல்கின்றனர். சுருளி அருவிக்கும் தேக்கடிக்கும் வருவோர் பலர். கம்பம் பன்னீர்த் திராட்சை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதை ஒரு கிலோ கொள்ளும் ஓலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் வாங்குவோர் பெட்டிக்கும் சேர்த்துக் கொடுப்பர். ஆனால் மாசியில் பின்னியது கார்த்திகையில் விற்கவேண்டுமாயின் நடுவே ஐப்பசி மழையைத் தாண்டியாக வேண்டும். ஈரம் பட்ட ஓலையில் பூசணம் பூத்துக் கறுப்புப் புள்ளி விழும். நன்றாக வெயில் காட்டி, தரையில் படாமல் பரணில் அடுக்கி, மழை விட்ட நாளெல்லாம் எடுத்துக் காற்றாட வைக்க வேண்டும்.

பனையைப் பற்றி ஒரு வார்த்தை. பனைக்கு வளரும் முனை ஒன்றே; அது சிதைந்தால் மரம் பட்டுப்போகும். ஆகையால் ஒரே மரத்தில் குருத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தல் ஆகாது. பனையை வெட்டுவதற்குக் கலெக்டரின் அனுமதி அவசியமென்று 2021ஆம் ஆண்டு தமிழக அரசு அறிவித்ததோடு, 76 லட்சம் பனை விதைகளை விநியோகிக்கவும் திட்டமிட்டது. ஓலைக்கு மரம் ஏறி உயரம் போகவேண்டியதில்லை. கைக்கெட்டும் வடலியிலேயே நல்ல குருத்து கிடைக்கும். பனம்பழக் காலம் முடிந்ததும் கொட்டைகளைப் பொறுக்கி, புரட்டாசி மழைக்கு முன்பாக வரப்போரத்திலும் கண்மாய்க் கரையிலும் ஊன்றிவிட்டால் தண்ணீர் ஊற்றும் வேலைகூட இல்லை.