இரண்டாவது மேன்முறையீடும் அனுமதி என்னும் வாயிலும்

மேல் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்ட ஒருவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடுவது சட்டம் அவருக்கு வழங்கியுள்ள உரிமையாகும். அங்கும் தண்டனை உறுதிப்படுத்தப்பட்டால் அடுத்த படி உயர் நீதிமன்றம் என்றே உறவினர்கள் எண்ணுவர். ஆனால், அந்தப் படியில் கால் வைப்பதற்கே அனுமதி பெற வேண்டும் என்பதைக் காலம் கடந்த பின்னர் அறிந்து கலங்குவோர் நம் மத்தியில் உளர்.

அரசியலமைப்பின் 128ஆவது உறுப்புரை இதற்கு இரு வழிகளை வகுத்துள்ளது. முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று எழுவதாகக் கருதினால் மேன்முறையீட்டு நீதிமன்றமே அனுமதி வழங்கலாம். அது மறுத்தாலும், அல்லது வழக்கு தனது மீளாய்வுக்கு உகந்ததெனக் கருதினாலும், உயர் நீதிமன்றம் விசேட அனுமதி வழங்கலாம். பொது முக்கியத்துவம் வாய்ந்த பிரச்சினையென அந்நீதிமன்றம் திருப்தியடையுமாயின் அனுமதி வழங்கியே ஆக வேண்டும். 1990ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகளின்படி, விசேட அனுமதி கோரும் மனு மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புத் தினத்திலிருந்து ஆறு வாரங்களுக்குள் தாக்கல் செய்யப்பட வேண்டும்.

இந்தக் கட்டத்தில் நீதியரசர்கள் முதலில் பார்ப்பது, வழக்கு மீண்டும் விசாரிக்கத் தக்கதா என்பதையே. சாட்சி பொய்யுரைத்தார் என்ற முறைப்பாடு மட்டும் பொதுவாகப் போதாது. சட்டம் எவ்விடத்தில் தவறாகப் பிரயோகிக்கப்பட்டது என்பதை மனு தெளிவாகக் காட்ட வேண்டும்.

இவ்வாயில் மூடப்பட்டால் என்ன நேரும் என்பதைச் சிங்கராசா வழக்கு நமக்கு உணர்த்துகிறது. 1993இல் கைது செய்யப்பட்ட அந்தத் தமிழ் இளைஞருக்கு எதிராக முன்வைக்கப்பட்ட ஒரே சான்று, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன்னிலையில் அளித்ததாகக் கூறப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலமே. அது சிங்களத்தில் எழுதப்பட்டது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். கைதி இட்டது பெருவிரல் அடையாளம். வாக்குமூலம் பலவந்தமாகப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் சுமையைப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அவர்மீதே சுமத்தியது. 1995இல் மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 35 ஆண்டுகளாகக் குறைத்து, குற்றத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் உயர் நீதிமன்றம் விசேட அனுமதியை மறுத்தது.

ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004இல் இவ்விசாரணை நியாயமானதாக அமையவில்லை எனவும், விடுதலை அல்லது மறுவிசாரணையும் நட்டஈடும் உள்ளிட்ட பரிகாரம் வழங்கப்பட வேண்டும் எனவும் கருத்து வெளியிட்டது. அதனை ஆதாரமாகக் கொண்டு குற்றத்தீர்ப்பை மீளாய்வு செய்யுமாறு கோரப்பட்டபோது, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் 2006 செப்டெம்பரில் அதனை நிராகரித்தது. அக்குழுவிடம் தனிநபர் முறைப்பாடு செய்ய வழிவகுக்கும் விருப்ப நெறிமுறையில் இலங்கை 1997இல் இணைந்தமையே அரசியலமைப்புக்கு முரணானது என்றும் ஆயம் தீர்ப்பளித்தது. உள்நாட்டில் அனுமதி மறுக்கப்பட்ட பின்னர் வெளியிலிருந்து வரும் நீதிக்கு நம் நீதிமன்றங்களில் எத்தகைய வலுவுண்டு என்பது அன்று தெளிவாயிற்று.

எல்லா வழக்குகளையும் உயர் நீதிமன்றம் இரண்டாவது தடவை விசாரிக்க வேண்டும் என நாம் கோரவில்லை. வழக்குகள் குவிந்தால் நீதி மேலும் தாமதமாகும். ஆனால், ஆறு வார அவகாசம் எல்லோருக்கும் சமமானதன்று. வசதி படைத்தவர் மறுநாளே சட்டத்தரணியைச் சந்திப்பார். தொலைதூரச் சிறையில் இருக்கும் ஏழைக் கைதியோ, தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட தீர்ப்பை வைத்துக்கொண்டு யாரை நாடுவதெனத் தெரியாது தவிப்பார்.

ஆதலால், மேன்முறையீடு தள்ளுபடியானதும் தீர்ப்பின் பிரதியும் தமிழில் அதன் சுருக்கமும் காலக்கெடு பற்றிய அறிவித்தலும் கைதிக்குத் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். சட்ட உதவி ஆணைக்குழு அந்த ஆறு வாரங்களுக்குள்ளேயே சிறைவாசலுக்குச் செல்ல வேண்டும். அனுமதி மறுக்கப்படும்போது சுருக்கமாகவேனும் காரணம் கூறப்படுவது நன்று. குடும்பத்தவர்களும் தீர்ப்பு வழங்கப்படும் நாளிலேயே சட்டத்தரணியிடம் அடுத்த காலக்கெடுவைக் கேட்டறிய வேண்டும்.

வாயில் குறுகலாக இருக்கலாம். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று அறியாமலே ஒருவர் தம் ஆயுளைச் சிறையில் கழிப்பது எந்த நீதிமுறைக்கும் பெருமை சேர்க்காது.