டேப்பை நம்பிய ஸ்டீவ் அல்பினி: நம் பைல்களுக்கு ஒரு பாடம்

என் கம்ப்யூட்டரில் ‘அப்பாயி’ என்று ஒரு போல்டர் இருக்கிறது. 2016ல் இன்ஜினியரிங் படித்தபோது, அப்பாயி பாடிய தாலாட்டுகளை மைக் வைத்துப் பதிவு செய்தேன். அப்போதிருந்த ரெக்கார்டிங் சாப்ட்வேரின் புராஜக்ட் பைலாகவே சேவ் செய்துவிட்டேன். 2019ல் அப்பாயி காலமானார். சென்ற ஆண்டு புதுக் கம்ப்யூட்டரில் அந்த பைலைத் திறந்தால், திறக்கவில்லை. அந்த சாப்ட்வேர் இப்போது வெளிவருவதே இல்லையாம். சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கே இந்த நிலை!

அப்போதுதான் ஸ்டீவ் அல்பினி நினைவுக்கு வந்தார்.

யார் இவர்?

அமெரிக்காவின் சிகாகோ நகரில் வாழ்ந்த ராக் இசைப் பதிவாளர். 1962ல் பிறந்தவர். படித்தது இதழியல். பிக் பிளாக், ஷெல்லாக் குழுக்களில் கிதார் வாசித்துப் பாடினார். பிக்ஸீஸ் குழுவின் ‘சர்ஃபர் ரோசா’ (1988), பி.ஜே. ஹார்வியின் ‘ரிட் ஆஃப் மீ’ (1993) ஆகியவை இவர் பதிவு செய்த ஆல்பங்களில் சில. 1997ல் சிகாகோவில் ‘எலெக்ட்ரிகல் ஆடியோ’ ஸ்டூடியோவைத் தொடங்கினார். ஆனாலும் தன்னைப் ‘புரொடியூசர்’ என்று அழைப்பது இவருக்குப் பிடிக்காது. குழு வாசிப்பதை உள்ளபடி பதிவு செய்வதே தன் வேலை என்பார்.

நிர்வானா குழுவின் ‘இன் யூட்டெரோ’ ஆல்பத்தை 1993ல் பதிவு செய்தபோது, விற்பனையில் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிளம்பரைப் போல, செய்த வேலைக்கு ஒரு முறை கூலி போதும் என்று குழுவுக்குக் கடிதமே எழுதினார். வாங்கியது ஒரு லட்சம் டாலர். ஆல்பமோ பல லட்சம் பிரதிகள் விற்றது.

ஏன் டேப்?

உலகமே கம்ப்யூட்டர் பதிவுக்கு மாறிய பிறகும் அல்பினி காந்த டேப்பை விடவில்லை. ஒலித்தரம் மட்டுமே காரணமல்ல. டேப்பை ஓட்ட அதற்கேற்ற மெஷின் ஒன்று போதும்; எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் சரி. கம்ப்யூட்டர் பதிவுக்கோ அதே சாப்ட்வேர், ஏற்ற வெர்ஷன், ஏற்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் பாட்டு அவ்வளவுதான். 2013ல், இருபது ஆண்டு நிறைவுப் பதிப்புக்காக ‘இன் யூட்டெரோ’வை அவரே மீண்டும் மிக்ஸ் செய்தார். 1993ன் பதிவுகள் பத்திரமாக இருந்ததால்தானே அது முடிந்தது?

2024 மே 7ல், 61வது வயதில் அல்பினி காலமானார்.

நாம் என்ன செய்யலாம்?

டேப் மெஷின் வாங்க வேண்டியதில்லை. ஆடாசிட்டி போன்ற இலவச சாப்ட்வேரில் பதிவு செய்கிறீர்களா? புராஜக்டை சேவ் செய்வதோடு நிறுத்தாதீர்கள். பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆடியோ சென்று, வேவ் பைலாகவும் ஒரு பிரதி எடுங்கள். பல டிராக்குகள் இருந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனி வேவ் பைலாக எடுப்பது நல்லது. சிடி தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலிக்குச் சுமார் 10 எம்பி இடம் போகும். போகட்டும். அனேகமாக எல்லா ஆடியோ சாப்ட்வேரும் வேவ் பைலைத் திறக்கும்.

அதை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும், வேறொரு வீட்டில் உள்ள கம்ப்யூட்டரிலும் காப்பி செய்யுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை திறந்து கேட்டும் பாருங்கள்.

சோதனைக்காக அன்று அத்தை மகனுக்கு அனுப்பிய 40 விநாடி எம்பி3 ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது. அதில் அப்பாயி பாட ஆரம்பிக்கிறார். இரண்டாவது வரியோடு நின்றுவிடுகிறது. உங்கள் வீட்டுப் பாட்டாவது முழுதாக இருக்கட்டும். இன்றே எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள்.