நிரலும் நிரலேற்றியும்

நிரல் என்னும் சொல் தமிழாசிரியர்க்குப் புதிதன்று. நிரல்நிறை என்றொரு பொருள்கோளைத் தொல்காப்பியம் கூறுகின்றது. நன்னூல் தொகுத்த எட்டுப் பொருள்கோள்களுள்ளும் அஃது உண்டு. "காலையும் மாலையும் பால்மரக் காடும் பந்தாட்டத் திடலும் அவனுக்கு இடமாகும்" என்று ஒருவர் எழுதினால், காலைக்குக் காடு, மாலைக்குத் திடல் என வரிசைப்படி பொருத்திக் கொள்கிறோம் அன்றோ? வரிசை பிறழ்ந்தால் பொருள் பிறழும். ஆகவே கணினித் துறையினர் கட்டளைகளின் தொடருக்கு நிரல் என்று பெயரிட்டது மிகவும் பொருத்தமே. ஆனால் ஆங்கிலத்தார் புரோகிராமர் என்னும் ஒரே சொல்லால் ஆளையும் சுட்டுவர், கருவியையும் சுட்டுவர். நிரலை எழுதும் ஆள் நிரலாளர். எழுதிய நிரலைச் சில்லினுள் ஏற்றும் கருவி நிரலேற்றி. இங்கு நாம் காண்பது பின்னதை.

சலவை இயந்திரம், சோறாக்கும் மின்பானை, கதவுப் பூட்டு ஆகியவற்றுள் இருந்து வேலை வாங்கும் சிறு சில்லையே நுண்கட்டுப்படுத்தி என்கிறோம். கணிக்கும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு தொடர்பு கொள்ளும் கால்கள் ஆகிய யாவும் ஒரே சில்லில் அடங்கியிருக்கும். கடையில் வாங்கும்போது அதன் நினைவகம் பெரும்பாலும் வெறுமையானது. எழுதப்படாத ஏடு என்க.

பாடாங் மேஹா அமைந்துள்ள கூலிம் மாவட்டத்தில் இதைப் பற்றிப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 1996இல் திறக்கப்பெற்ற கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. இன்ஃபினியோன் நிறுவனம் 2006இல் அங்கே சில்லுத் தொழிற்சாலையைத் திறந்தது. அதற்கு முன்பே, 1972இல், பினாங்கில் இன்டெல் தன் ஆலையை நிறுவிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இத்தகைய ஆலைகளுக்கு வேலைக்குப் போயினர். சில்லு அவர்கள் கைவழியே சென்றது. அதனுள் என்ன எழுதப்படுகிறது, எவ்வாறு எழுதப்படுகிறது என்பது அவர்களிடம் வரவில்லை. இன்று இடைநிலைப் பள்ளியின் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நுண்கட்டுப்படுத்தி இடம்பெறுகிறது. ஆயினும் மாணவன் ஆயத்தமான பலகையை வாங்கி, கணினித் திரையில் ஒரு பொத்தானை அழுத்துகிறான். நிரல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்த ஒரு நொடியில் நிகழ்வது என்ன? நிரலேற்றியைத் தானே செய்து பார்த்தவனுக்குத்தான் அது விளங்கும்.

தொடக்கக் காலத்தில் இஃது எளிய செயலாக இருக்கவில்லை. 1976இல் வெளிவந்த இன்டெல் 8048 குடும்பத்தில் 8748 என்னும் சில்லை அழித்து எழுதலாம். ஆனால் அழிப்பதற்குப் புறஊதா ஒளியில் பல நிமிடம் கிடத்த வேண்டும். 1993இல் மைக்ரோசிப் நிறுவனத்தின் பி.ஐ.சி. 16சி84 வந்தது. மின்சாரத்தாலேயே அழித்து மின்சாரத்தாலேயே எழுதக்கூடிய நினைவகம் அதில் இருந்தது. வீட்டு மேசையில் வேலை செய்வோர்க்கு அது பெருங்கொடை. பிரிட்டனில் டேவிட் டேய்ட் என்பார் அதற்கு ஒரு நிரலேற்றியை வகுத்து உலகுக்கு வழங்கினார். கணினியின் அச்சுப்பொறித் துளையிலிருந்து சில கம்பிகள், இடையே ஒரு மலிவான தாங்கிச் சில்லு, மின்னழுத்தத்தைத் திறக்கவும் மூடவும் இரண்டு டிரான்சிஸ்டர், ஏறத்தாழ அவ்வளவே.

அவ்வளவு சிறிதாக இருக்க முடிந்தது எப்படி? நிரல் பல கம்பிகளில் ஒருசேரப் பாய்வதில்லை. ஒரே கம்பியில் ஒவ்வொரு பிட்டாக வரிசையில் செல்கிறது. பக்கத்துக் கம்பியில் தாளம் போடப்படுகிறது. தாளத்தின் ஒவ்வோர் அடிக்கும் தரவுக் கம்பியில் இருப்பது 1 ஆ 0 ஆ என்று சில்லு பார்த்துக் கொள்ளும். தாளம் ஒரு வரிசை, தரவு ஒரு வரிசை. இரண்டையும் முறையே பொருத்தினால் பொருள். நம் நிரல்நிறைதான் இது! நிரல்நிறையிலும் முறை நிரல்நிறை, எதிர் நிரல்நிறை என இருவகை உண்டல்லவா? சில்லுகளிலும் அவ்வேற்றுமையை ஒத்த ஒன்றைக் காணலாம். பி.ஐ.சி. குடும்பம் எண்ணின் கடைசிப் பிட்டை முதலில் கேட்கும். ஏ.வி.ஆர். குடும்பமோ நாம் எழுதும் ஒழுங்கிலேயே, உயர்ந்த பிட்டை முதலில் கேட்கும். இது தெரியாமல் கம்பி இணைத்தவன், எல்லாம் சரியாக இருந்தும் ஏன் நடக்கவில்லை என்று இரவெல்லாம் விழித்திருப்பான்.

இன்று செய்து பார்ப்பதற்கு ஏ.வி.ஆர். குடும்பத்து ஏடிடைனி 85 ஏற்றது. எட்டே கால்கள், 8 கிலோபைட் நிரல் நினைவகம். அச்சுப்பொறித் துளை புதிய கணினிகளில் மறைந்துவிட்டமையால், அர்டுயினோ ஊனோ பலகையையே நிரலேற்றியாக மாற்றிக் கொள்ளலாம். அதற்குரிய நிரல் அதன் மென்பொருளிலேயே எடுத்துக்காட்டாக வைக்கப்பட்டுள்ளது. பலகையின் 10ஆம் முனையைச் சில்லின் 1ஆம் காலுக்கும், 11ஐ 5க்கும், 12ஐ 6க்கும், 13ஐ 7க்கும் இணைக்க வேண்டும். 8ஆம் காலுக்கு 5 வோல்ட். 4ஆம் கால் நிலமுனை. நிரலேற்றி நிரலைப் பலகையில் ஏற்றிய பின்னர், பலகையின் மீள்தொடக்க முனைக்கும் நிலமுனைக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தல் நன்று. இல்லையேல் கணினி பேச்சைத் தொடங்கும் போதெல்லாம் பலகை தன்னையே மறுபடி தொடங்கிக் கொண்டு குழப்பும்.

சில்லின் 1ஆம் கால் மீள்தொடக்கக் கால். அதைத் தாழ்த்தியே வைத்திருந்தால் சில்லு தன் வேலையை நிறுத்திவிட்டு வெளியார் சொல்லுக்குச் செவி கொடுக்கும். 20 மில்லி விநாடியேனும் பொறுத்து, 172, 83, 0, 0 என்னும் நான்கு பைட்டுகளை அனுப்ப வேண்டும். மூன்றாம் பைட் செல்லும் வேளையில் சில்லு 83ஐ எதிரொலிக்கும். இவ்வெதிரொலி கேட்டால் கம்பிகளும் தாளமும் சரி. கேளாவிட்டால் மேற்கொண்டு போவதில் பயனில்லை. அதன்பின் அடையாளம் கேட்டால் 30, 147, 11 என்று விடை வரும். ஏடிடைனி 85இன் பெயர்ச்சீட்டு அது.

தாளத்தின் விரைவில் கவனம் தேவை. புதிய சில்லு நொடிக்குப் பத்து லட்சம் துடிப்பில் ஓடுமாறு அமைந்து வருகிறது. நாம் போடும் தாளம் அதில் கால்பங்குக்கும் குறைவாகவே, அதாவது நொடிக்கு இரண்டரை லட்சத்துக்கும் கீழாகவே இருத்தல் வேண்டும். மெதுவாகச் செய்வதால் இழப்பொன்றும் இல்லை. நினைவகம் 64 பைட் கொண்ட 128 பக்கங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு பக்கம் பதிய நாலரை மில்லி விநாடி. பதிவுக்கு மட்டும் ஆகும் நேரம் மொத்தம் ஒரு நொடிக்கும் குறைவு.

எழுதியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். என் கருத்தில் நிரலேற்றியின் பாதி வேலை திருப்பிப் படித்தலே. நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் பதிவென்பது காப்பிடப்பட்ட சிறு இடத்தில் சிறைப்பட்ட மின்னூட்டமே. ஊட்டம் அரைகுறையாயின் ஒரு மின்னழுத்தத்தில் சரியாகப் படிக்கப்படும். மற்றொன்றில் தவறாகப் படிக்கப்படும். இதனாலன்றோ மைக்ரோசிப் நிறுவனம் தன் பி.ஐ.சி. சில்லுகளுக்கான விதியில், குறைந்த அழுத்தத்திலும் மிகுந்த அழுத்தத்திலும் ஒருங்கே சரிபாராத கருவியை உற்பத்திக்குரியதாகக் கொள்ளலாகாது, மாதிரி செய்வதற்கு மட்டுமே உரியது என்று வகைப்படுத்தியது! நாம் வீட்டில் செய்யும் கருவி இரண்டாம் வகையினதே. மாணவன் கற்பதற்கு அது போதும். ஆயிரம் சில்லு எழுதி விற்பதற்குப் போதாது.

இனி அச்சம் தரும் ஓரிடம். சில்லின் அடிப்படை நடத்தையைத் தீர்மானிக்க ஃபியூஸ் பிட்டுகள் என்பன உள. அவற்றில் 0 என்றால் "ஆம்", 1 என்றால் "இல்லை". வழக்கத்துக்கு நேர்மாறு. உயர் ஃபியூஸ் பைட் ஆலையிலிருந்து 223ஆக வரும். இரும எண்ணில் 11011111. அதன் முதற்பிட்டு மட்டும் 0 ஆகி 95 என்று எழுதப்பட்டுவிட்டால், 1ஆம் கால் மீள்தொடக்கத்தை விட்டுவிட்டுச் சாதாரணக் காலாக மாறிவிடும். நாம் தாழ்த்திப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. சில்லு நம் பேச்சைக் கேளாது. ஒரே ஒரு பிட்டு! அப்போது அந்தக் காலில் 12 வோல்ட் ஏற்றும் வேறு கருவியைத்தான் நாடவேண்டும். பி.ஐ.சி.க்கு டேய்ட் தம் கருவியில் தனி மின்னழுத்தம் வைத்ததும் இதையொத்த தேவைக்கே. 12 வோல்ட் அளவிலான அழுத்தம் கண்டால்தான் அச்சில்லு எழுத இசையும். ஆகவே தொடக்க மாணவர் ஃபியூஸைப் படிக்கலாம், எழுத வேண்டா.

கூர்ந்து நோக்குவோர் ஒன்றைக் கேட்பர். ஊனோ பலகையிலும் ஒரு நுண்கட்டுப்படுத்தி இருக்கிறதே, அதற்கு நிரல் ஏற்றியது யார்? யூ.எஸ்.பி.ஏ.எஸ்.பி. என்னும் புகழ்பெற்ற வீட்டு நிரலேற்றியிலும் இதே சிக்கல். அதன் உள்ளிருக்கும் ஏடிமெகா 8க்கு முதலில் நிரல் ஏற்றினால்தான் அது மற்றச் சில்லுகளுக்கு ஏற்றும். அச்சுப்பொறித் துளையின் காலத்தில் இக்கேள்வி எழவில்லை. கணினியே நேராகக் கம்பியை உயர்த்தித் தாழ்த்தியது. துளை மறைந்தபின், ஒரு சில்லை எழுத இன்னொரு சில்லு வேண்டியதாயிற்று. ஊனோவில் ஆலையிலேயே ஒரு சிறு ஏற்றி நிரல் வைத்து அனுப்புகிறார்கள். அதைக் கொண்டு ஒரு ஏடிமெகா 8ஐ எழுதி யூ.எஸ்.பி.ஏ.எஸ்.பி. கருவியைச் செய்து கொண்டால், பலகையைப் பள்ளிப் பெட்டியில் வைத்துவிடலாம். அடுத்த மாணவனின் கருவிக்குரிய முதற்சில்லை, முன்னவன் கருவியே எழுதிக் கொடுக்கும்.