பந்திக்கு முன் கிளம்பியவருக்குப் பங்கு உண்டா?

கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு. விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டியாகிவிட்டது. ஒருவர் ஏழு மணிக்குள் மூட்டைக் காயையும் நறுக்கிக் கொட்டிவிட்டு, மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டு வேறு மண்டபத்து வேலைக்குக் கிளம்புகிறார். பதினொன்றரைக்குப் பந்தி. இலையில் விழும் கூட்டில் அவர் நறுக்கிய பூசணி இருக்கிறது, அவர் இல்லை.

அவருக்கு என்ன சேர வேண்டும்? நறுக்கிய காய்க்குக் கூலி உண்டு, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. பந்தி முடிந்ததும் பெண் வீட்டார் மனம் குளிர்ந்து மாஸ்டர் கையில் ஒரு தொகை வைப்பார்கள். அது கடைசி வரை நின்று பாத்திரம் கவிழ்த்தவர்களுக்கு. காலையில் போனவர் அதைக் கேட்கவும் மாட்டார்.

சமையற்கட்டில் கூலி வேறு, வெகுமதி வேறு என்று எல்லோருக்கும் தெரியும். கம்பெனியில் இரண்டையும் ‘போனஸ்’ என்றே சொல்கிறார்கள். ராஜினாமா செய்தால் போனஸ் கிடைக்குமா என்று கேட்டால் ஹெச்ஆர் ஒன்று சொல்வார், தொழிற்சங்கக்காரர் ஒன்று சொல்வார். இருவரும் வெவ்வேறு பணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் கூலி வகை. 1965-ஆம் வருட போனஸ் வழங்கல் சட்டம் தந்தது இதைத்தான். தொழிற்சாலைகளுக்கும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் மற்ற நிறுவனங்களுக்கும் அது பொருந்தியது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது அதன் வரம்பாக இருந்தது. அந்தக் கணக்கு ஆண்டில் குறைந்தது 30 வேலை நாள் உழைத்திருந்தால் போதும், சம்பாதித்த சம்பளத்தில் 8.33 சதவீதமாவது கொடுத்தாக வேண்டும். நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது 8.33. வருஷம் முழுக்க வேலை செய்தவருக்கு ஒரு மாதச் சம்பளம் என்று கணக்கு. நஷ்டம் என்றாலும் இதிலிருந்து தப்ப முடியாது. புதிதாகத் தொடங்கிய நிறுவனத்துக்கு மட்டும் முதல் ஐந்து வருஷம் விலக்கு உண்டு, அதுவும் லாபம் வராத வருஷத்துக்குத்தான்.

‘வருஷக் கடைசியில் வேலையில் இருக்க வேண்டும்’ என்று சட்டத்தில் எங்கும் இல்லை. முப்பது நாள் உழைத்தாயா என்றுதான் கேட்கிறது. சம்பளத்தோடு எடுத்த விடுப்பு, பிரசவ விடுப்பு, லே-ஆஃப் நாட்கள், வேலையில் அடிபட்டுப் படுத்திருந்த நாட்கள் எல்லாமே அந்தக் கணக்கில் சேரும்.

அப்படியானால் யாருக்குக் கிடையாது? மோசடி, நிறுவன வளாகத்தில் கலவரம் அல்லது வன்முறை, நிறுவனச் சொத்தைத் திருடுவது, கையாடுவது, நாசம் செய்வது: இவற்றுக்காக டிஸ்மிஸ் ஆனவர்களுக்கு இல்லை. நெய் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்கும், அண்டாவை உடைத்தவருக்கும் பங்கு கிடையாது என்பது மாதிரி. 2019-இல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, பாலியல் தொல்லை வழக்கில் தண்டனை பெற்று டிஸ்மிஸ் ஆவதையும் சேர்த்தது. ராஜினாமா இந்தப் பட்டியலில் இல்லை. ‘வேலை திருப்தியில்லை’ என்று அனுப்பப்படுவதும் இல்லை. ஆஃபர் லெட்டரில் ‘ராஜினாமா செய்தால் சட்டப்படியான போனஸும் கிடையாது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாது. முரணான ஒப்பந்தத்தைவிடத் தன் விதிகளே மேலானவை என்று சட்டமே சொல்லிவைத்திருக்கிறது.

லாபம் நன்றாக இருந்தால் 8.33 சதவீதம் 20 வரை ஏறும், அதற்கு மேல் சட்டம் போகாது. உலையில் மிஞ்சிய சோற்றை நீரூற்றி மறுநாளைக்கு வைப்பதுபோல், கூடுதல் லாபத்தில் ஒரு பகுதியை நாலு வருஷம் வரை எடுத்துவைக்கவும் இடமுண்டு. அது கணக்காளர் தலைவலி. விலகுகிறவர் தலையிட வேண்டியது வேறொரு விஷயத்தில்.

தீபாவளிக்கு வரும் போனஸ் எந்த வருஷத்து உழைப்புக்கு? பலர் கோட்டை விடுவது இங்கேதான். கணக்கு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது, அதிலிருந்து எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30-க்குள், போனஸ் கொடுத்தாக வேண்டும். ஆக, அக்டோபரில் கைக்கு வருவது மார்ச்சோடு முடிந்த வருஷத்தின் பணம்.

ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். மாதம் 18,000 ரூபாய், இரண்டு மூன்று வருஷமாக அதே கம்பெனி. 2024 செப்டம்பர் 15-இல் விலகுகிறார். அந்த வருஷத் தீபாவளி அக்டோபர் 31. ‘ஒன்றரை மாதம் பொறுத்திருந்தால் போனஸோடு போயிருக்கலாமே’ என்று வீட்டில் அங்கலாய்ப்பார்கள். வேண்டியதில்லை. அந்தத் தீபாவளிப் பணம் 2023-24-க்கு உரியது, அதை அவர் முழுதாக உழைத்து முடித்துவிட்டார். 7,000 ரூபாயை அடிப்படையாக வைத்தால் 84,000-இல் 8.33 சதவீதம், ஏறக்குறைய 6,997 ரூபாய். அதோடு முடியவில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் பாதி வரை ஐந்தரை மாதம் 2024-25-இலும் உழைத்திருக்கிறார். அதற்கு 38,500-இல் 8.33 சதவீதம், சுமார் 3,207 ரூபாய், 2025 நவம்பருக்குள் சேர வேண்டும். விலகியவருக்கு ஒன்றல்ல, இரண்டு போனஸ் பாக்கி.

பதினெட்டாயிரம் வாங்குகிறவருக்கு ஏன் ஏழாயிரத்தில் கணக்கு? சம்பளம் அதைவிட அதிகமாக இருந்தாலும் 7,000 அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, இதில் எது அதிகமோ அதில்தான் கணக்கிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 2015-ஆம் வருடத் திருத்தம் சொன்னது. பின்பாதியைச் சௌகரியமாக மறந்து 7,000-இலேயே நின்றுவிடும் சம்பளப் பிரிவுகள் உண்டு. குறைந்தபட்சக் கூலி 12,000 என்றால் அதே ஐந்தரை மாதத்துக்கு 5,498 ரூபாய் வர வேண்டும். தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகம், மின்வாரியம் போன்ற பொதுத்துறை ஊழியர்களுக்குத் தீபாவளியை ஒட்டி ‘அதிகபட்சம் 16,800 ரூபாய்’ என்று செய்தி படித்திருப்பீர்கள். அதுவும் இந்த ஏழாயிரத்தில் பிறந்த எண்தான்: 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை, மொத்தம் 84,000-இல் 20 சதவீதம்.

1965 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. முப்பது நாள், 8.33, எட்டு மாதம் என்ற அடிப்படை மாறவில்லை. ஆனால் சம்பள வரம்பு சட்டத்துக்குள் எழுதப்படாமல், உரிய அரசு அறிவிக்க வேண்டியதாக ஆகியிருக்கிறது.

இனி வெகுமதி வகை. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் ஐடி ஊழியர், வங்கி அதிகாரி, மேனேஜர் எல்லோருக்கும் ‘பெர்ஃபார்மன்ஸ் போனஸ்’, ‘வேரியபிள் பே’ என்று வருவது இதுதான். இங்கே சட்டம் ஒதுங்கிக்கொள்ளும், ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும்: பணம் வழங்கப்படும் நாளில் பணியில் இருக்க வேண்டும், நோட்டீஸ் பீரியடில் இருக்கக் கூடாது. பந்தி முடியும்போது சமையற்கட்டில் நிற்பவருக்கே என்பதன் ஆபீஸ் பாஷை. மார்ச் வரை முழு வருஷமும் உழைத்து, ஏப்ரலில் ராஜினாமா கொடுத்து, தொண்ணூறு நாள் நோட்டீஸில் இருக்கும்போது ஜூன் மாதம் பணம் வந்தால், பக்கத்து சீட்காரருக்கு வரும், இவருக்கு வராது.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆள் எடுக்கும்போது இந்தத் தொகையை சிடிசியில் சேர்த்து ‘வருஷத்துக்கு இவ்வளவு லட்சம்’ என்று காட்டுகிறார்கள். ஆள் போகும்போது அதுவே நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்ட வெகுமதி ஆகிவிடுகிறது. ஆனாலும் கையெழுத்துப் போட்ட வரி போட்டதுதான். அப்படி ஒரு வரியே இல்லாமல், இலக்கும் கணக்கிடும் முறையும் எழுத்தில் இருந்து, வருஷமும் முடிந்திருந்தால் நிலைமை வேறு. அது உழைத்துச் சம்பாதித்த பணம் என்று வாதிட நல்ல இடமுண்டு.

எனவே ராஜினாமா மெயில் அனுப்புமுன் போனஸ் கொள்கையில் வழங்கும் நாள் எது என்று பாருங்கள். பொறுக்க முடியாதென்றால், இழக்கப்போகும் தொகையைப் புதிய கம்பெனியிடம் ஜாயினிங் போனஸாகக் கேளுங்கள். பலர் தருவார்கள். ஒரு வருஷத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வரும். முழுத் தொகையா, மீதி மாதங்களுக்கு மட்டுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சம்பளச் சீட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். சில கம்பெனிகள் சட்டப்படியான போனஸை மாதாமாதம் முன்பணமாகவே கொடுத்துவிடும். அப்படி ஒரு வரி சீட்டில் இருந்தால், அந்த அளவுக்குக் கடைசியில் கழித்துக்கொள்வார்கள்.

விலகும்போது நடக்கும் ஃபுல் அண்ட் ஃபைனலில் நடப்பு வருஷத்துப் போனஸ் பெரும்பாலும் இருக்காது, கணக்கு இன்னும் முடிந்திராதே. ஆனால் ‘எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். ‘நடப்பு ஆண்டு போனஸ் நீங்கலாக’ என்று கையால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது. சம்பளக் கணக்கை மூடுவதாக இருந்தால் புதிய கணக்கு எண்ணை ஹெச்ஆருக்கு மெயிலில் கொடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கு ஆண்டு முடிந்து வரும் நவம்பர் தாண்டியும் பணம் வரவில்லையென்றால் முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும், பிறகு தொழிலாளர் துறை. பழைய சட்டத்தில் ஒரு வருஷமாக இருந்த கெடு, புதிய தொகுப்பில் மூன்று வருஷம். அங்கே கைகொடுக்கும் தாள்கள்: அந்த மாதங்களின் சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர்.